குவாரித் தண்ணீர்

நான் பிறவியிலேயே பயந்த சுபாவம். இடிக்குப் பயம், எருமைக்குப் பயம், பஸ் கொஞ்சம் சாய்ந்து திரும்பினால் பயம். என் அக்காமார்கள் பின்னால் வந்து கை தட்டி என்னைத் துள்ள வைத்தே பொழுதைப் போக்குவார்கள். அப்படிப்பட்டவளைக் கொண்டுபோய்க் கல் குவாரிக்குப் பக்கத்து ஊரில் கட்டிக்கொடுத்தார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் நிலம் எவ்வளவு, கிணறு எப்படி, மாடு எத்தனை என்றெல்லாம் சொன்னார்கள். குவாரியைப் பற்றி ஒருவரும் மூச்சு விடவில்லை.

பிறந்த ஊர் திருவையாற்றுப் பக்கம், ஆற்றங்கரை. அங்கே தோண்டினால் மண், இன்னும் தோண்டினால் மணல், அதற்கும் கீழே தண்ணீர். நாயை விரட்டக்கூடக் கல் கிடைக்காது. மண்ணாங்கட்டியைத்தான் எறிவோம். அது பாதி வழியிலேயே உதிர்ந்துவிடும் என்று நாய்களுக்கும் தெரியும், அசையாமல் நிற்கும்.

புகுந்த ஊர் ஒரத்தநாட்டுக்கு மேற்கே, தஞ்சாவூர் ஜில்லா முடிகிற இடம். நிலம் அங்கே மெல்ல மேடேறிச் சிவந்துபோகும். புது ஆற்றிலிருந்து பிரிந்து வருகிற வாய்க்கால் எங்கள் ஊரோடு முடிந்துவிடும். வழியில் உள்ள ஊர்களெல்லாம் குடித்து மிச்சம் வைத்ததுதான் எங்களுக்கு. குவாரி எல்லைக்கு அந்தப் பக்கம், அடுத்த ஜில்லாவில். புகார் சொல்லப் போனால், "அது எங்க ஜில்லா இல்லைங்களே" என்று இங்கே சொல்வார்கள். "நீங்க எங்க ஜில்லா இல்லைங்களே" என்று அங்கே சொல்வார்கள். வெடிக்கு மட்டும் அந்த வித்தியாசமெல்லாம் தெரியாது.

கல்யாணமான புதிதில் ஒரு மத்தியானம் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். எங்கோ சங்கு ஊதியது. சினிமாக் கொட்டகையோ மில்லோ இருக்கும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து ஓர் அதிர்வு முதலில் என் உள்ளங்காலில் வந்தது, பிறகுதான் காதுக்கு. அலமாரியில் எவர்சில்வர் தட்டுகள் ஒன்றோடொன்று பேசின. நான் கையில் அரிவாள்மணையோடு தெருவுக்கு ஓடிவந்துவிட்டேன். புதுப் பெண், தலையில் பூ, கையில் அரிவாள்மணை. தெருவே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. மாமாதான், என் கணவரின் அப்பா, வாசலுக்கு வந்து மெதுவாகச் சொன்னார். "ஒண்ணுமில்லம்மா, குவாரியில வெடி வைக்கிறான். உள்ள வா. நாலு நாள்ல பழகிப்போயிரும்."

பழகவே இல்லை. பழகியது போல நடிக்கத்தான் பழகினேன்.

அந்த வருஷமே என் கணவர் சிங்கப்பூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டார். ஊரில் ஒரு வீடு விட்டு ஒரு வீட்டிலிருந்து அப்படி ஆள் போய்க்கொண்டிருந்த காலம் அது. மாமியார் நான் கல்யாணமாகிப் போவதற்கு முன்பே தவறிப்போயிருந்தார். எனவே வீட்டில் மாமாவும் நானும், பிறகு பிறந்த என் மகளும்தான். வெளிநாட்டுப் பணம் வரவர ஓட்டு வீடுகள் மாடி வீடாக மாறின. தஞ்சாவூர்ச் சாலையை அகலப்படுத்தினார்கள். ஊர் ஊராகக் கல்யாண மண்டபம் எழும்பியது. இத்தனைக்கும் ஜல்லி எங்கிருந்து வரும்? எங்கள் மாடிக்குக் கொட்டிய ஜல்லியும் அந்தக் குவாரியில் உடைத்ததுதான். டிப்பர் லாரி வாசலில் கல்லைச் சரித்தபோது வந்த சத்தத்துக்கும் நான் ஒரு துள்ளல் துள்ளினேன். மாமா திரும்பி நின்று சிரித்ததைப் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்துவிட்டேன்.

அப்போதெல்லாம் கடிதத்தை விடக் கேசட்டில் பேசி அனுப்புவதுதான் எங்களுக்குப் பிடித்தது. ஒரு தடவை குழந்தை மழலை பேசுவதைப் பதிந்துகொண்டிருந்தேன். நடுவில் வெடி விழுந்துவிட்டது. நான் அலறியது, குழந்தை வீறிட்டது, ஏதோ உருண்டது, எல்லாம் பதிவாகிவிட்டது. அழித்துவிட்டு மறுபடி பேச நேரமில்லை, கேசட்டை வாங்கிக்கொண்டு சிங்கப்பூருக்குப் போகிறவர் வாசலில் நின்றார். கேசட் போய்ச் சேர்ந்த அன்று என் கணவர் கடைத்தெரு டெலிபோனுக்குக் கூப்பிட்டுவிட்டார். கடைக்காரர் வந்து சொல்லி நான் ஓடினேன்.

"என்ன ஆச்சு? வீடு இடிஞ்சுபோச்சா?" என்றார்.

"அதெல்லாம் இல்லங்க. தினம் நடக்கிறதுதான்."

"தினமுமா?" என்று கேட்டார். பிறந்து வளர்ந்த ஊர், அவர் காதுக்கு மறந்துபோயிருந்தது.

தினமும்தான். சங்கு ஊதியதும் நான் செய்கிற வேலைகள் இருந்தன. அலமாரியில் உள்ள பாத்திரங்களைத் தரையில் இறக்குவேன். கன்றுக்குட்டியை அவிழ்த்துச் சுவரிலிருந்து தள்ளிக் கட்டுவேன். மகளைத் தூளியிலிருந்து எடுத்து நெல் குதிருக்கும் சுவருக்கும் நடுவில் உட்கார்ந்து அவள் காதுகளை என் உள்ளங்கையால் மூடிக்கொள்வேன். ஒரு நாள் தூளி தொங்கிய உத்தரத்திலிருந்து பொடி உதிர்ந்ததைப் பார்த்ததும் தூளியையே அவிழ்த்து மடித்து வைத்துவிட்டேன். அதற்கும் தெரு சிரித்தது. ஆனால் எல்லோர் வீட்டுச் சுவரிலும் விரிசல் இருந்தது. மேலே முருகன் காலண்டரை மாட்டி மறைத்திருந்தார்கள்.

வயலில் இன்னும் மோசம். நடவு நட்டுக்கொண்டிருந்தபோது ஒரு கல் பறந்து வந்து இரண்டு பெண்களுக்கு நடுவில் சேற்றில் விழுந்தது. இட்லிப் பானை அளவு இருக்கும். ஒரு அடி தள்ளி விழுந்திருந்தால் யார் தலையாவது போயிருக்கும். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு அதை உருட்டி வரப்பில் போட்டுவிட்டு நடவைத் தொடர்ந்தார்கள். நான் வரப்பில் சோற்று வாளியோடு நின்றுகொண்டிருந்தேன். வைக்கோலை உதறிப்போட்டால்தான் மாடு வாய் வைக்கும், அவ்வளவு கல் தூசி. கடலைச் செடியின் இலை பச்சையாக இருக்கிறதா என்று பார்க்க விரலால் துடைக்க வேண்டும்.

பிறகு அந்த வருஷம் வந்தது.

ஆடி போய் ஆவணியும் வந்துவிட்டது. புது ஆற்றில் தண்ணீர் திறந்தார்கள் என்று ரேடியோவில் சொன்னார்கள். எங்கள் வாய்க்காலில் வரவில்லை. பிறகு திறந்ததை மூடிவிட்டார்கள் என்று சொன்னார்கள். மழை இந்தா வருகிறேன் என்று கண்ணாமூச்சி காட்டிவிட்டுக் கடல் பக்கம் போய்விட்டது. வயல் கிணற்றுத் தண்ணீரை வைத்து எப்படியோ நாற்று விட்டு நடவும் செய்துவிட்டார்கள். அதற்கு மேல் கிணறு தாங்கவில்லை. மாமா காலையில் வயலுக்குப் போய்ப் பயிரைப் பார்த்துவிட்டு வந்து சாப்பிடுவார். ருசி பார்க்க மாட்டார். உப்பில்லாத குழம்பை ஊற்றினால்கூட அவருக்குத் தெரியாது.

ஒரு நாள் காலை தெருவில் சத்தம். "தண்ணி வருது, தண்ணி வருது" என்று யாரோ கத்திக்கொண்டு ஓடினார்கள். எல்லோரும் வாய்க்காலைப் பார்க்க வடக்கே ஓடினோம். அங்கே ஒன்றுமில்லை. தண்ணீர் மேற்கிலிருந்து வந்துகொண்டிருந்தது. மேட்டு மழைத் தண்ணீரை எங்கள் ஏரிக்குக் கொண்டுவருகிற ஓடை ஒன்று உண்டு. அதில் நிறைய, கரையைத் தொட்டுக்கொண்டு வந்தது. குவாரிக் குழியில் ஊறி நிற்கும் தண்ணீரை மோட்டார் வைத்து இறைத்து ஓடையில் விட்டிருக்கிறார்கள் என்று யாரோ சொன்னார்கள்.

எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு ஒரு பழக்கம். எங்கே புதுத்தண்ணீர் வந்தாலும் சும்மா பார்த்துக்கொண்டு நிற்க மாட்டார்கள். அது யார் விட்டது, எதற்கு விட்டது என்று கேட்பது அவர்களுக்கு அபசாரம் மாதிரி. ஆண்கள் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கித் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். பெண்கள் மஞ்சளும் பூவும் போட்டார்கள். யாரோ சூடம் கொளுத்தினார்கள். குவாரி மேனேஜர் மோட்டார் சைக்கிளில் வந்து நின்றபோது அவருக்குத் துண்டு போட்டார்கள். அவர் நல்ல மரியாதையான மனிதர். "உங்க கஷ்டத்தப் பாத்துக்கிட்டு சும்மா இருக்க முடியுங்களா?" என்றார். சிலர் கண் கலங்கினார்கள்.

நான் ஆற்றங்கரையில் பிறந்தவள். ஆற்றில் புதுத்தண்ணீர் வந்தால் முன்னால் நுரை வரும், சருகு வரும், நண்டுக்குஞ்சு வரும், ஒரு மண் வாசனை வரும். இந்தத் தண்ணீரில் எதுவுமில்லை. அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி வெளுத்து, வாசனையே இல்லாமல் வந்தது.

"மாமா, இது நல்லா இல்லீங்க" என்றேன்.

"வயலு நனையுதா இல்லையா? அதப் பாரு" என்றார். அவர் முகத்தில் அன்று எவ்வளவு நாளைக்கப்புறமோ சிரிப்பு இருந்தது. அதைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை.

வயல் நனைந்தது. தண்ணீர் வடிந்த இடத்தில் கல் பொடி படிந்து, வெயிலில் பூசிய சிமெண்டு போல இறுகியது. அதைக் களைக்கொட்டால் கீறிவிட்டு மறுபடி தண்ணீர் பாய்ச்சினார்கள். பயிர் வெளிறியது, ஆனாலும் சாகவில்லை. சாகாமல் இருந்ததே போதும் என்றிருந்தது எல்லோருக்கும்.

அதே நாட்களில் எங்கள் கொல்லைக் கிணறு இறங்க ஆரம்பித்தது. குடிக்க, துவைக்க, மாட்டுக்கு எல்லாவற்றுக்கும் அந்தக் கிணறுதான். இறைப்பது நான்தான் என்பதால் முதலில் தெரிந்ததும் எனக்குத்தான். கயிறு போதவில்லை என்று இன்னொரு கயிற்றை முடிச்சுப்போட்டேன். அந்த முடிச்சு உருளையில் மாட்டி மாட்டி உயிரை வாங்கியது. பிறகு ஒன்றைக் கவனித்தேன். மோட்டார் பழுதாகி ஓடையில் தண்ணீர் வராத நாட்களில் கிணறு இறங்கவில்லை. ஓடை நிறைய ஓடிய மறுநாள் வாளி இன்னும் கீழே போகவேண்டியிருந்தது.

இதை மாமாவிடம் சொன்னேன். அவர் கேலி செய்வார் என்று எதிர்பார்த்தேன். ஆனால் மறுநாள் காலை அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிணற்றில் இறங்கினார்.

கிணற்றின் மேல்பாதி செம்பாறை, கீழ்ப்பாதி கருங்கல். பக்கவாட்டில் படிக்கல் நீட்டிக்கொண்டிருக்கும். வெடி எப்போதும் மத்தியானம்தான், அதனால் காலையில் பயமில்லை என்று இறங்கினார். நான் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு மேலே நின்றேன். அவர் அடியில் போய் முட்டளவு தண்ணீரில் நின்று மேற்குப் பக்கத்துப் பாறையில் காதை வைத்தார்.

அப்போது சங்கு ஊதியது.

அன்று காலையில் ஏன் ஊதினார்கள் என்று எனக்கு இன்று வரை தெரியாது. சங்குக்கும் வெடிக்கும் நடுவில் ஒரு டம்ளர் காப்பி குடிக்கிற நேரம் இருக்கும். "மாமா, ஏறுங்க! சங்கு ஊதிட்டான், ஏறுங்க!" என்று கத்தினேன். அவர் மேலே பார்க்காமல் கையை மட்டும் உயர்த்திக் காட்டினார், பேசாதே என்று. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கிழவனுக்கு என்ன கேடு வந்தது என்று வாய்விட்டே சொன்னேன். வாளிக் கயிற்றை உள்ளே விட்டேன். எதற்கு விட்டேன் என்று தெரியவில்லை. அவரை நான் தூக்க முடியுமா? குழந்தை என் முகத்தைப் பார்த்துவிட்டு அழ ஆரம்பித்தது. அவர் இரண்டு படி ஏறினார். அதற்குள் நிலம் என் காலடியில் ஒருமுறை குலுங்கியது.

மேற்குச் சுவரிலிருந்து கல் பெயர்ந்து விழும் சத்தம் கேட்டது. பிறகு தண்ணீரில் விழும் சத்தம். பிறகு தூசி. கிணற்றுக்குள் ஒன்றும் தெரியவில்லை. மாமா மாமா என்று கூப்பிட்டேன். பதில் இல்லை. அந்த நேரத்தில் எனக்கு என்னென்னவோ தோன்றியது. கடைத்தெரு டெலிபோனில் என் கணவரிடம் எப்படிச் சொல்வேன் என்று தோன்றியது. இந்த வீட்டில் தனியாகக் குழந்தையோடு எப்படி இருப்பேன் என்றும் தோன்றியது.

தூசிக்குள்ளிருந்து இருமல் சத்தம் கேட்டது.

தோளில் ரத்தத்தோடு அவர் ஏறி வந்தார். கிணற்று விளிம்பில் உட்கார்ந்தார். நான் முந்தானையைக் கிழித்துக் கட்டினேன். பிறகு அவர் சொன்னார்.

"தண்ணி மேக்கால ஓடுதும்மா."

"எங்கேருந்து வருதுங்க?"

"வரல. போவுது. வெடி வச்சு வச்சுப் பாறையில கைய விடற மாதிரி சந்து விழுந்துருக்கு. நம்ம கெணத்துத் தண்ணி அது வழியா அவன் குழிக்குப் போவுது. அதத்தான் அவன் எறைச்சு விடறான்."

எனக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. நாங்கள் பூப்போட்டுக் கும்பிட்டது எங்கள் கிணற்றுத் தண்ணீரை. துண்டு போட்டது அதை எடுத்துக்கொண்டவருக்கு.

"வாங்க, ஊர்ல சொல்லுவோம்" என்றேன்.

"சொல்லாத" என்றார். "சொன்னா நாலு பேரு அங்க போய்ச் சண்ட போடுவான். அவன் மோட்டார நிறுத்திப்புடுவான். பயிரு தொண்டக் கதிரா நிக்குது."

தொண்டைக் கதிர் என்றால் கதிர் வெளியே வராமல் தண்டுக்குள் நிற்கிற பருவம். அப்போது தண்ணீர் காட்டாவிட்டால் வருவதெல்லாம் பதராகிவிடும். அவர் சொன்னது நியாயம்தான். ஆனால் தண்ணீரெல்லாம் பயிருக்குப் போய்விட்டால் குடிக்க என்ன இருக்கும் என்று கேட்டேன். அவர் எழுந்து உள்ளே போய்விட்டார்.

அந்த வாரத்திலேயே தாலுகாவிலிருந்து ஜீப் வந்தது. குவாரியை எல்லைக்கு இந்தப் பக்கம், எங்கள் ஏரிக்கரை வரை நீட்டப்போகிறார்களாம். ஊரில் யாருக்கும் ஆட்சேபனை உண்டா என்று கேட்க ஒரு அதிகாரி வந்திருந்தார். பக்கத்தில் மேனேஜர் கையைக் கட்டிக்கொண்டு பணிவாக நின்றார். ஊர் முழுவதும் புளியமரத்தடியில் கூடியது.

"யாருக்காச்சும் குறை இருந்தா சொல்லுங்க" என்றார் அதிகாரி.

சிலர் தரையைப் பார்த்தார்கள், சிலர் பயிரைப் பார்த்தார்கள். ஓடையில் தண்ணீர் ஓடும் சத்தம் நன்றாகக் கேட்டது. "குறை ஒண்ணும் இல்லைங்க, தண்ணியெல்லாம் குடுக்குறாங்க" என்று ஒருவர் சொன்னார். அதிகாரி பேனாவை மூடப்போனார்.

வீட்டுக்குள் பல்லி விழுந்தாலே அலறுகிற நான் எப்படி வாயைத் திறந்தேன் என்று எனக்கே விளங்கவில்லை. பயத்தை விடப் பெரிய பயம் வந்தால் சின்னது ஒதுங்கிக்கொள்ளும் போலிருக்கிறது. குவாரி ஏரிக்கரைக்கு வந்தால் அந்த வெடி என் மகளின் தலைக்கு மேலேயே இருக்கும்.

"எங்க கெணத்துத் தண்ணி குவாரிக்குப் போவுதுங்க" என்றேன். என் குரல் எனக்கே கீச்சென்று கேட்டது. "எங்க மாமா எறங்கிப் பாத்தாங்க."

எல்லோரும் மாமாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் தோளில் கட்டு இருந்தது, சட்டைக்குள் மறைந்திருந்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை.

"அது பயந்த புள்ளைங்க" என்றார் அதிகாரியிடம். "வெடிச் சத்தம் கேட்டா அரிவாமணையோட தெருவுல ஓடும். அதும் பேச்ச எடுத்துக்காதீங்க."

கூட்டம் சிரித்தது. அதிகாரியும் சிரித்தார். மேனேஜர் மட்டும் சிரிக்கவில்லை, என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஜீப் போய்விட்டது.

நான் அழுதுகொண்டே நடந்தேன். அவமானம் பாதி, கோபம் பாதி. எதிர்வீட்டு அக்கா வேகமாக வந்து என்னோடு சேர்ந்துகொண்டார். அவரும் கூட்டத்தில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தவர்தான்.

"அழாத புள்ள. நீ சொன்னது நெசந்தான்" என்றார், முன்னும் பின்னும் பார்த்துக்கொண்டு. "எங்க வீட்டுக்காரரும் எறங்கிப் பாத்துட்டாரு. எங்க கெணத்துலயும் மேக்காலதான் ஓடுது. தெக்குத் தெருவுலயும் பாத்துட்டாங்க. எல்லாருக்கும் தெரியும்."

நான் நின்றுவிட்டேன். "தெரிஞ்சுமா அக்கா சும்மா இருந்தீங்க?"

"அறுப்பு முடியட்டும்" என்றார். "அதுவரைக்கும் வாய மூடிக்கிட்டு இரு. மோட்டாரு நின்னுச்சுன்னா உங்க மாமா வயலும்தான் போவும்." எங்கள் வாசல் வந்ததும் குரலை இன்னும் தணித்துக்கொண்டார். "புள்ள, எங்க கெணறு முந்தாநாளே வத்திப்போச்சு. வெளிய சொல்லிக்கல. குடிக்க ஒரு கொடம் தண்ணி இருந்தா குடேன்."

எங்கள் கிணற்றில் அன்று காலை வாளி சேற்றைத்தான் அள்ளி வந்தது. நானும் வெளியே சொல்லவில்லை. உள்ளே போனேன். தவலையில் இருந்தது எங்கள் மூன்று பேருக்கும் மறுநாள் மத்தியானம் வரைக்கும்தான் வரும். அக்கா வாசலில் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார், யாராவது வந்துவிடுவார்களோ என்று. பாதியை அவர் குடத்தில் சாய்த்தேன். ஒரு சொட்டுகூடக் கீழே சிந்திவிடக்கூடாது என்கிற பயத்தில் தவலையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தேன்.